கோராய்டு தடித்த கண்களுக்கு ஆண்டுகள் போகப் போக என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணின் உள் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பேக்கிகோராய்டு', அதாவது கோராய்டு தடிப்பு, என்று எழுதிக் கொடுக்கிறார்கள். டாக்டர் "இப்போதைக்குப் பயமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்கிறார். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் வரிசையாக எழுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை இன்றைய பார்வையைப் பற்றியவை அல்ல. பத்து வருடம், இருபது வருடம் கழித்து என்ன ஆகும் என்பதுதான் கவலை. அந்தக் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில்.

கோராய்டு என்பது கண்ணில் எது? எவ்வளவு இருந்தால் தடிப்பு?

கண்ணின் பின்சுவரில் உள்பக்கம் விழித்திரை, வெளிப்பக்கம் வெள்ளையான ஸ்க்ளீரா. இரண்டுக்கும் நடுவே முழுக்க ரத்தக் குழாய்களால் ஆன படலம்தான் கோராய்டு. கண்ணுக்கு வரும் ரத்தத்தில் மிகப் பெரும்பங்கு இதன் வழியாகத்தான் ஓடுகிறது. ஒளியை உணரும் செல்களுக்கு ஆக்சிஜன் கொடுப்பதும் இதுவே. கோராய்டுக்கும் அந்தச் செல்களுக்கும் இடையில் ஒரே ஒரு செல் கனமுள்ள நிறமி அடுக்கு இருக்கிறது. கீழிருந்து நீர் கசிந்து மேலே வராமல் தடுப்பது அந்த அடுக்குதான். இந்தப் பக்கத்தில் அது திரும்பத் திரும்ப வரும், ஏனென்றால் நீண்ட காலத்தில் பார்வை நிற்பதும் போவதும் அதன் நிலையைப் பொறுத்தது.

பார்வை மையத்துக்குக் கீழே கோராய்டின் கனம் சாதாரணமாக 250 முதல் 300 மைக்ரான் வரை இருக்கும். விழித்திரைக்கு அடியில் நீர் கோக்கும், சிஎஸ்ஆர் என்று நம் ஊர்க் கண் மருத்துவமனைகளில் சொல்லும் நோய் வந்தவர்களை அளந்து 2009இல் வெளியான ஆய்வில் சராசரி 500 மைக்ரானைத் தாண்டியிருந்தது. ஆனாலும் 'இத்தனை மைக்ரானுக்கு மேல் நோய்' என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு கோடு கிடையாது. வயது ஏற ஏறக் கோராய்டு மெலியும். மைனஸ் பவர் அதிகமுள்ள கண்ணில் அது இயல்பாகவே மெலிந்திருக்கும். ஒரே கண்ணில்கூட காலையில் சற்றுத் தடித்தும் மாலையில் மெலிந்தும் காணும். 25 வயதுக்காரருக்கு 350 மைக்ரான் சாதாரணமாக இருக்கலாம். 70 வயதில், அதுவும் மைனஸ் 6 பவர் உள்ள கண்ணில், அதே 350 கவனிக்க வேண்டிய அளவு.

அதனால் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை மட்டும் பார்த்துக் கலங்க வேண்டாம். கோராய்டின் அடிப்பகுதியில் ஓடும் பெரிய குழாய்கள் வீங்கியிருக்கின்றனவா, அவற்றுக்கு மேலிருக்கும் மெல்லிய தந்துகிகள் நசுங்கியிருக்கின்றனவா, அதே இடத்தில் நிறமி அடுக்கு கெட்டிருக்கிறதா என்பதைத்தான் டாக்டர் தேடுகிறார்.

இதெல்லாம் முன்பு கேள்விப்படாத பெயராக இருக்கிறதே?

நோய் பழையது, பெயர்தான் புதியது. பார்வை மையத்தில் நீர் கோத்துத் திரும்பத் திரும்ப வரும் கோளாறை ஜெர்மன் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே 1866லேயே எழுதிவைத்தார். கோராய்டை உயிருள்ள கண்ணில் துல்லியமாக அளக்க வழி பிறந்தது 2008இல், ரிச்சர்ட் ஸ்பெய்ட் ஓசிடி கருவியில் ஆழத்தைப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு. 2013இல் நியூயார்க்கில் ஃப்ராயண்ட் குழுவினர் 'பேக்கிகோராய்டு' என்ற பெயரை வைத்தார்கள். ஆகவே இந்தப் பெயரோடு கண்டறியப்பட்டு முப்பது வருடம் கண்காணிக்கப்பட்டவர் இன்னும் எவரும் இல்லை. நீண்ட காலப் போக்கைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பழைய சிஎஸ்ஆர் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததால் கிடைத்தது.

கோராய்டு ஏன் தடிக்கிறது?

கோராய்டிலிருந்து ரத்தம் வெளியேறும் வழி சுழல் சிரைகள். கண்ணுக்குப் பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து இருக்கும். அவை ஸ்க்ளீராவைத் துளைத்துக்கொண்டு வெளியே போகின்றன. அந்த வழி நெருக்கடியானால், மழைக்காலத்தில் வடிகால் அடைத்த தெருபோல, உள்ளே ரத்தம் தேங்கிக் குழாய்கள் வீங்குகின்றன. சிஎஸ்ஆர் வந்தவர்களின் ஸ்க்ளீரா மற்றவர்களுடையதைவிடக் கனமாக இருப்பதை ஜப்பானிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீளம் குறைந்த, ப்ளஸ் பவர் உள்ள கண்களில் இது கூடுதலாகக் காணப்படுவதற்கும் இதோடு தொடர்பு இருக்கலாம். ஒரு பகுதிச் சிரைகள் தேங்கும்போது பக்கத்துப் பகுதிச் சிரைகளோடு புதுப் பாலங்கள் உண்டாவதும் தெரியவந்துள்ளது. இந்தப் பாலங்கள் பல நேரம் பார்வை மையத்துக்கு அடியிலேயே அமைந்துவிடுகின்றன. தொந்தரவு சரியாக மையத்தில் வருவதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

மரபணுவுக்கும் பங்கு உண்டு. சிஎஃப்எச், விஐபிஆர்2 என்ற இரண்டு மரபணுக்களைக் கோராய்டின் கனத்தோடும் சிஎஸ்ஆரோடும் இணைத்து 2018இல் ஜப்பானிலிருந்து ஆய்வு வந்தது. ஆனால் பிள்ளைகளுக்கு இப்போதே மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை. அதை வைத்து எடுக்கும் முடிவு எதுவும் இன்று கிடையாது.

இது ஒரே நோயா, பல நோய்களா?

ஒரே வேரிலிருந்து வரும் குடும்பம் என்று கொள்ளலாம். 2019இல் முன்வைக்கப்பட்ட ஒரு பகுப்பு இதை நிலைகளாகச் சொல்கிறது. சுழி நிலையில் கோராய்டு தடிப்பு மட்டும்தான், வேறு கோளாறில்லை. முதல் நிலையில் நிறமி அடுக்கில் ஆங்காங்கே கறையும் மேடும் தோன்றும், நீர் இருக்காது. இரண்டாம் நிலை சிஎஸ்ஆர், அதாவது விழித்திரைக்கு அடியில் நீர் கோத்தல். மூன்றாம் நிலையில் நிறமி அடுக்குக்கு அடியில் புது ரத்தக் குழாய்கள் முளைக்கும். அவற்றின் நுனிகள் மொட்டுப்போல உப்பினால் அது மூன்றின் இரண்டாம் பிரிவு. நம் டாக்டர்கள் பிசிவி என்று சொல்வதில் ஒரு பெரும் பங்கு இதில் அடங்கும். பார்வை நரம்பைச் சுற்றி நீர் கோக்கும் வகை, கோராய்டில் குழி விழும் வகை என்று இந்தக் குடும்பத்தில் இன்னும் சில உண்டு. அவை அரிது.

அப்படியானால் எல்லாருக்கும் ஒன்றன்பின் ஒன்றாக இந்த நிலைகள் வருமா?

வராது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பவர் இதைப் படிக்கட்டும். நிலைகளுக்கு எண் போட்டிருப்பதால் அது ஏணி மாதிரித் தோன்றுகிறது, ஆனால் அது கட்டாயப் பாதையே அல்ல. கோராய்டு தடித்த பெரும்பாலானோர் வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்துவிடுகிறார்கள். முதல் நிலையில் இருப்பவர்களில் ஒரு சிறுபகுதியினருக்கே பின்னாளில் நீர் கோக்கிறது. சிஎஸ்ஆர் வந்தவர்களிலும் பலருக்கு ஒரே முறையோடு முடிந்துவிடுகிறது. மறுபக்கம், சிஎஸ்ஆர் வந்ததே தெரியாமல் நேராகப் புதுக் குழாய்களோடு வந்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் போவார் என்று முதல் நாள் ஸ்கேனைப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தொடர்ந்து பார்ப்பதற்குக் காரணம் அதுதான்.

முப்பத்தைந்து வயதில் சிஎஸ்ஆர் வந்து மூன்று மாதத்தில் தானே சரியாகிவிட்டது. இனி மறந்துவிடலாமா?

சரியானது நல்ல செய்தி. முதல் முறை வரும் சிஎஸ்ஆர் பெரும்பாலும் 3, 4 மாதங்களில் சிகிச்சையின்றியே வற்றிவிடும். எழுத்துப் பலகையில் 6/6 வரை படித்துவிடுவார்கள். ஆனாலும் சிலருக்கு அந்தக் கண்ணில் நிறம் கொஞ்சம் வெளிறியோ, மங்கிய வெளிச்சத்தில் தெளிவு குறைந்தோ இருக்கும். அது கற்பனை இல்லை. பலகையில் உள்ள கறுப்பு எழுத்துகள் அளக்காத ஒரு இழப்பு அது.

மறந்துவிடக் கூடாது என்று சொல்ல இரண்டு காரணங்கள். முதலாவது, மூன்றில் ஒருவருக்கு, சில கணக்குகளில் பாதிப்பேருக்கு, மறுபடி நீர் கோக்கிறது. அது முதல் வருடத்திலும் வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம். இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம். நீர் வற்றினாலும் அதற்குக் காரணமான கோராய்டு அப்படியேதான் இருக்கிறது. குழாய்களின் வீக்கமும் பெரும்பாலும் தொடர்கிறது. மேலே எல்லாம் அமைதியாக இருக்கும்போது அடியில் நிறமி அடுக்கு மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டிருக்கலாம். முப்பதுகளில் சிஎஸ்ஆர் வந்துபோன ஒருவர் ஐம்பதுகளில் திடீரென்று கோடுகள் வளைந்து தெரிகின்றன என்று வரும்போது அங்கே புதுக் குழாய் முளைத்திருப்பதைப் பார்க்கிறோம். இடைப்பட்ட வருடங்களில் ஒரு ஸ்கேன்கூட எடுத்திருக்க மாட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, வரச் சொல்லி யாரும் வற்புறுத்தியிருக்க மாட்டார்கள்.

நாள்பட்ட சிஎஸ்ஆர் என்றால் என்ன? பார்வை எப்படிக் குறைகிறது?

நீர் நான்கு மாதத்துக்கு மேல் வற்றாமல் நின்றால் பொதுவாக நாள்பட்டது என்கிறார்கள். நீர் நிற்கும்வரை ஒளியுணரும் செல்கள் தங்களுக்கு உணவு தரும் நிறமி அடுக்கிலிருந்து விலகியே இருக்கின்றன. வாரக் கணக்கில் அதைத் தாங்கிக்கொள்ளும், வருடக் கணக்கில் தாங்காது. செல்கள் குறைந்து பார்வை மையம் மெலிகிறது. நீர் பிறகு வற்றினாலும் போன செல்கள் திரும்புவதில்லை.

நாள்பட்டவர்களில் நீர் புவியீர்ப்பால் கீழ்நோக்கி இறங்கும். அது போன வழியெல்லாம் நிறமி அடுக்கு வாடிவிடும். ஆட்டோஃப்ளோரசன்ஸ் என்ற படத்தில் அந்தத் தடங்கள் மேலிருந்து கீழாகத் தெளிவாக விழும். சாதாரணப் படத்தில் கண்ணுக்குப் படாத சேதத்தை இது காட்டிவிடுவதால், பழைய நோயாளிகளுக்கு வருடம் ஒருமுறையாவது இந்தப் படம் எடுத்து வைப்பது நல்லது என்பது என் கருத்து. சேதம் எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்பதை வைத்தே 2020இல் வந்த சர்வதேசப் பகுப்பு எளிய வகை, சிக்கலான வகை என்று பிரிக்கிறது. பார்வை நரம்பின் முகப்பைப்போல இரண்டு மடங்குப் பரப்புக்கு மேல் கெட்டிருந்தால் சிக்கலான வகை.

மிகவும் பழையதானால் விழித்திரைக்குள்ளேயே நீர்ப்பைகள் தோன்றும். கடைசியாகப் பார்வையைப் பறிப்பவை மூன்று: மையம் வாடிப்போவது, இந்த நீர்ப்பைகள், புதுக் குழாய்கள். முழு இருட்டு வருவதில்லை, பக்கப் பார்வை பெரும்பாலும் நிற்கும். ஆனால் படிப்பது, முகம் அடையாளம் காண்பது, வண்டி ஓட்டுவது ஆகியவை போய்விட்டால் அது சிறிய இழப்பல்ல.

புதுக் குழாய் முளைப்பது உடனே தெரியுமா?

பல நேரம் தெரியாது. இந்தக் குழாய்கள் நிறமி அடுக்குக்கு அடியில் தட்டையாகப் படர்கின்றன. நீரும் ரத்தமும் கசியாத வரை நோயாளிக்கு எதுவும் தோன்றாது. ஓசிடியில் நிறமி அடுக்கு லேசாக, ஒழுங்கற்று மேலெழுந்திருப்பதாக மட்டும் தெரியும். உள்ளே குழாய் ஓடுகிறதா என்பதை ஓசிடி ஆஞ்சியோகிராஃபி காட்டும். இதற்குக் கையில் ஊசியும் வேண்டாம், சாயமும் வேண்டாம். இந்தக் கருவி வந்த பிறகுதான், வெறும் சிஎஸ்ஆர் என்று நினைத்த பல கண்களில், குறிப்பாக ஐம்பது தாண்டியவர்களின் கண்களில், குழாய் ஒளிந்திருந்தது தெரியவந்தது.

மொட்டுகளாக உப்பிய பிசிவி வகை ஆசியர்களிடையே வெள்ளையரைவிட அதிகம். திடீரென ரத்தம் கசிந்து ஒரே நாளில் பார்வை விழுந்துவிடக் கூடியது இந்த வகைதான். மொட்டுகளைச் சரியாகக் காண ஐசிஜி என்ற பச்சைச் சாய ஆஞ்சியோகிராம் இன்றும் நம்பகமான வழி.

ஒரு கண்ணில் வந்தால் இன்னொன்றிலும் வருமா?

தடிப்பு பெரும்பாலும் இரு கண்ணிலும் இருக்கும். தொந்தரவு இரண்டிலும் வர வேண்டும் என்றில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு கண்ணுக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 'வயதானதால் வரும் மாகுலா நோய்' என்றார்கள். இப்போது வேறொரு டாக்டர் பேக்கிகோராய்டு என்கிறார். யார் சொல்வது சரி?

இருவர் மீதும் தவறு இல்லாமலிருக்கலாம். வயதான பிறகு புதுக் குழாயோடு வரும் கண்ணில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். மாகுலா என்பது விழித்திரையின் பார்வை மையம். முதுமை மாகுலா நோயில் வழக்கமாக மஞ்சள் புள்ளிகள் நிறைய இருக்கும், கோராய்டு மெலிந்திருக்கும். பேக்கிகோராய்டு வகையில் அந்தப் புள்ளிகள் குறைவு அல்லது இல்லை, அடியில் குழாய்கள் வீங்கியிருக்கும். குழப்பம் எங்கே வருகிறதென்றால், முப்பது வருடம் முன்பு தடித்திருந்த கோராய்டு வயதாலும் சிகிச்சையாலும் மெலிந்துவிடுகிறது. இன்று அளந்தால் எண் சாதாரணமாக இருக்கும். அப்போது நடு வயதில் ஒரு கண் மங்கித் தெளிந்த கதை இருந்ததா, ஸ்டீராய்டு எடுத்தாரா என்று கேட்பதுதான் துப்பு. அப்பாவோடு போகிறவர் இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு போனால் டாக்டருக்குப் பெரிய உதவி.

ஸ்டீராய்டுக்கும் இதற்கும் அவ்வளவு தொடர்பா?

சிஎஸ்ஆருக்கு நமக்குத் தெரிந்தவற்றில் மிகத் தெளிவான தூண்டுதல் ஸ்டீராய்டுதான். மாத்திரை, நரம்பு ஊசி, மூட்டில் போடும் ஊசி, ஆஸ்துமா இன்ஹேலர், மூக்கு ஸ்ப்ரே, தோல் கிரீம் என எல்லா வழியிலும் பாதிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. மாத்திரையிலும் ஊசியிலும் ஆபத்து அதிகம், கிரீமில் குறைவு. இங்கேதான் நம் ஊர்ப் பழக்கங்களைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. அலர்ஜிக்கும் சளிக்கும் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் சின்ன வெள்ளை மாத்திரை, முகம் வெளுக்க மாதக் கணக்கில் பூசும் கிரீம், மூட்டுவலிக்குப் பெயரில்லாத பொட்டலத்தில் கிடைக்கும் பொடி, ஜிம்மில் உடம்பு ஏற்றத் தரும் ஊசி. இவற்றில் என்ன கலந்திருக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. "ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா?" என்று டாக்டர் கேட்டால் இல்லை என்றுதான் நேர்மையாகப் பதில் சொல்வார்கள். ஆகவே கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிறுத்தாமல், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் டியூபுகளையும் பொட்டலங்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஆஸ்துமாவுக்கோ, சிறுநீரக நோய்க்கோ, முடக்குவாதத்துக்கோ டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நாள்பட எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் அட்ரீனல் சுரப்பி கைவிட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். எழுதிக் கொடுத்தவரும் கண் டாக்டரும் பேசி, குறைக்க முடியுமா, மாற்று உண்டா என்று முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது.

மன அழுத்தம், தூக்கம், கர்ப்பம்?

உடலே சுரக்கும் கார்ட்டிசோலும் ஸ்டீராய்டுதான். அதனால் அழுத்தத்துக்கும் இரவுத் தூக்கமின்மைக்கும் தொடர்பு பேசப்படுகிறது. குறட்டையோடு மூச்சு நின்றுபோகும் ஸ்லீப் ஆப்னியா இருந்தால் அதற்குச் சிகிச்சை எடுப்பது எப்படிப் பார்த்தாலும் நல்லது. ஆண்களுக்கு இது பெண்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகம் என்று அமெரிக்காவில் ஒரு மாவட்ட மக்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. பெண்களில் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வரலாம், பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானே வடிந்துவிடும்.

சிகிச்சை செய்தால் நீண்ட காலப் போக்கு மாறுமா?

முதல் முறை வந்த சிஎஸ்ஆருக்குப் பொறுத்திருந்து பார்ப்பதே சிகிச்சை. "ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிட்டார்" என்று வருந்த வேண்டாம்.

நாள்பட்டதற்கு இன்று கையில் உள்ளவற்றில் சிறந்தது அரை அளவு மருந்தோடு செய்யும் பிடிடி. வெர்டிபோர்ஃபின் என்ற மருந்தைக் கை நரம்பில் ஏற்றி, கோராய்டின் கசியும் பகுதியில் சிவப்பு லேசர் ஒளியைப் பாய்ச்சுவார்கள். நீர் வற்றுவதோடு கோராய்டும் மெலிகிறது, அதாவது இது வேரைத் தொடும் சிகிச்சை. ஐரோப்பாவில் நடந்த பிளேஸ் ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. அதில் ஏழெட்டு மாத முடிவில் பிடிடி செய்தவர்களில் 67 சதவீதத்தினருக்கு நீர் முழுதும் வற்றியிருந்தது, மைக்ரோபல்ஸ் லேசரில் 29 சதவீதம். எப்ளெரினோன் மாத்திரையோடு ஒப்பிட்ட ஸ்பெக்ட்ரா ஆய்வில், மூன்று மாதத்தில் பிடிடிக்கு 78, மாத்திரைக்கு 17. இதே மாத்திரையைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டு பிரிட்டனில் நடத்தி 2020இல் வெளியான விசி ஆய்வில் எந்தப் பலனும் தெரியவில்லை. ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடக்கூடிய இந்த மாத்திரையை வருடக் கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் டாக்டரிடம் மறுபடி பேசுவது நல்லது.

சிக்கல் என்னவென்றால் வெர்டிபோர்ஃபினுக்குச் சில வருடங்களாக உலகளவில் தட்டுப்பாடு. விலையும் அதிகம். கிடைக்காத இடத்தில் மைக்ரோபல்ஸ் செய்கிறார்கள். கசிவுப்புள்ளி மையத்திலிருந்து தள்ளி இருந்தால் சாதாரண லேசரே போதும்.

புதுக் குழாய் வந்துவிட்டால் கண்ணுக்குள் ஊசி. பிசிவிக்கு ஊசியோடு பிடிடியும் சேர்த்தால் மொட்டுகள் அடங்குவது கூடுகிறது. ஆசிய நாடுகளில் நடந்த எவரெஸ்ட் இரண்டாம் ஆய்வில் ஓராண்டு முடிவில் இரண்டும் சேர்த்தவர்களில் ஏறத்தாழ 69 சதவீதத்தினருக்கு மொட்டுகள் முழுக்க மறைந்தன, ஊசி மட்டும் போட்டவர்களில் 35. ஊசியை நடுவில் விடுவதால் இழந்த பார்வை, தொடர்ந்து போட்டாலும் திரும்புவது கடினம்.

பிடிடி செய்துகொண்டவர் குறைந்தது இரண்டு நாளாவது, டாக்டர் கூடச் சொன்னால் அத்தனை நாளும், வெயிலில் தலைகாட்டக் கூடாது. நம் வெயிலுக்கு இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சிகிச்சைக்கு முன்பே வீட்டுக்குப் போகும் வண்டியை ஏற்பாடு செய்து, முழுக்கைச் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடியோடு போங்கள்.

கீரை, கேரட், கண் பயிற்சி, வைட்டமின் மாத்திரை?

கீரையும் கேரட்டும் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் கோராய்டின் தேக்கத்தை அவை குறைக்காது. கண் பயிற்சியும் அப்படியே. மாகுலாவுக்கு என்று விற்கும் விலையுயர்ந்த வைட்டமின்கள் முதுமை மாகுலா நோயின் குறிப்பிட்ட கட்டத்துக்காக ஆராயப்பட்டவை. இந்த நோய்க்கு அவற்றை வாங்கும் பணத்தை அடுத்த ஸ்கேனுக்கு வையுங்கள்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும்?

இது டாக்டர் உங்கள் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. தோராயமாக, தடிப்பு மட்டும் இருந்தால் வருடம் ஒருமுறை. நிறமி அடுக்கில் மாற்றம் இருந்தால் ஆறு மாதம். நீர் இருக்கும்போது ஒன்று முதல் மூன்று மாதம். ஐம்பது வயது தாண்டி, பழைய சிஎஸ்ஆர் இருந்தவர் எந்தத் தொந்தரவு இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு ஓசிடி.

ஸ்கேன் படங்களைப் பத்திரப்படுத்துவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த நோயில் ஒற்றை ஸ்கேன் சொல்வது குறைவு, இரண்டு ஸ்கேன்களுக்கு இடையிலான மாற்றம் சொல்வது அதிகம். வேலை மாறி ஊர் மாறுகிறோம், டாக்டர் மாறுகிறார், மருத்துவமனையில் பழைய பதிவு கிடைக்காமல் போகிறது. காகிதப் பிரிண்ட் மங்கிவிடும். கணினிப் படமாகக் கேட்டு வாங்கி, தேதி போட்டு, மெயிலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே மாதிரிக் கருவியில், நாளின் ஒரே வேளையில் எடுத்தால் ஒப்பிடுவது சுலபம்.

எப்போது தாமதிக்காமல் ஓட வேண்டும்?

கதவு நிலையோ ஜன்னல் கம்பியோ வளைந்து தெரிந்தால், நடுவில் சாம்பல் நிறத் திட்டு வந்தால், ஒரு கண்ணில் பொருள்கள் சின்னதாகத் தெரிந்தால் இரண்டொரு நாளுக்குள் விழித்திரை டாக்டரைப் பாருங்கள். திடீரென்று கறுப்பாகவோ சிவப்பாகவோ மறைத்தால் அன்றைக்கே. வீட்டில் சோதிக்கும்போது ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க வேண்டும். இரண்டும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். வாரம் ஒருமுறை, படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டம் போட்ட தாளை ஒவ்வொரு கண்ணாலும் பார்த்தால் போதும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.